பேர் கூப்பிட ஆளில்லாத காலை

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ஒரு மலை செத்துக் கிடந்தது. தேயிலை பட்டுப்போய், மானாப்புல் ஆளுயரம் எழுந்து, காட்டுப் பன்றிகள் மட்டும் போய்வந்த மலை. அதைத் தோட்ட நிர்வாகம் லயத்துப் பெண்கள் சங்கத்துக்குக் காய்கறி போடக் கொடுத்தது. கொடுக்கும்போதே தோட்டத்தை நடத்துகிற தொரை ஒரு நிபந்தனை வைத்தார். மழையில் மண் கரைந்து ஆற்றில் இறங்கினால் மலையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆறுதான் கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர். அதைத் தாண்டிக் கொத்மலை அணை வரைக்கும் போகிற தண்ணீர்.

என் மனைவி அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு சிங்கள அம்மா வீட்டில் சமையல் வேலை; நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். வந்தவள் துணிப்பையைக்கூடப் பிரிக்கவில்லை.

"இந்த ஒரு போகம் பாக்குறேன். வெளஞ்சா இங்க இருக்கேன். இல்லாட்டித் திரும்ப நோனா வீடுதான். அப்புறம் நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

நான் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள நேரம் ஏது? இருந்தும் கொழும்பு பஸ் ஒவ்வொன்றும் ஸ்டாண்டைக் கடக்கும்போது அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் புல்லை வெட்டினார்கள். எரிக்கவில்லை, சாணியோடு அடுக்கி மக்கவைத்தார்கள். மலை கறுப்பாக மூச்சுவிடத் தொடங்கியது. நடுகிற நாள் வந்தது. லீக்ஸ் கன்றுகளை ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு விடியும்போதே போனேன். மூடுபனி. எஞ்சினை நிறுத்தினேன்.

மேலே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பேச்சில்லாமல். எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பெரட்டு நிற்கிறார்கள்! தோட்டத்தில் விடிந்ததும் எல்லாரும் களத்தில் கூடி நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கால் நகரும். இவர்களுடைய அம்மாக்களும் அப்படித்தான் நின்றார்கள். இன்றைக்கு மலை இவர்களுடையது. கூப்பிடத்தான் ஆளில்லை.

"ஏண்டி நிக்கிறோம்?" என்றாள் ஒருத்தி.

"நீ நின்ன, நானும் நின்னேன்."

"அடியே, நான் ஒன்னயப் பாத்துல்ல நின்னேன்!"

ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "அந்தா அண்ணே வந்துட்டாரு. சொல்லுங்கண்ணே, யாரு எந்தப் பக்கம்?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "போயும் போயும் அவருகிட்டயா கேக்குற? லீக்ஸுக்கும் பூண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்!"

சிரிப்பு வரிசையைக் கலைத்தது. அவள் முன்னால் வந்தாள். மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கங்காணி கூப்பிடுவதுபோலக் கடைசி எழுத்தை இழுத்து, தன் பேரைத் தானே கூப்பிட்டாள். தானே பதிலும் சொன்னாள்.

"வந்திருக்கேன்! மேல் கான் வெட்ட நான்!"

கான் என்பது சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால். ஓடிவருகிற மழையைப் பிடித்து உட்காரவைப்பது அதுதான். அது சரியாக இருந்தால் மண் நிற்கும், மண் நின்றால் மலை நிற்கும்.

"கான் வெட்டுறது ஆம்பளைங்க வேலையில்ல?"

"ஆம்பளைங்க எங்கடி இருக்காங்க?"

"ஆட்டோவுக்குப் பின்னால ஒன்னு ஒளிஞ்சிருக்கு பாரு!"

என் கைக்கு ஒரு மம்பட்டி வந்து சேர்ந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் பேரைக் கூப்பிட்டாள். எருச் சுமக்க நான், குழி போட நான், கன்று வைக்க நான். எல்லாரிலும் மூத்தவள் முதலில் வாய்க்குள்ளேயே சொன்னாள்; போதாது என்று தோன்றியதோ என்னவோ, எதிர் மலை திருப்பிச் சொல்லும்படி இன்னொரு தடவை கத்தினாள். "எம் பேரு இம்புட்டு நல்லாவா இருக்கு?" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அந்தப் பேர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை அவரவர் வாயால் கேட்க வேண்டும், அந்தப் பனிக்குள்ளே நின்று கேட்க வேண்டும்.

கான் நீண்டது. கேலிக்குப் பயந்தோ கேலியைக் கேட்க ஆசைப்பட்டோ, லயத்து ஆண்களும் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள்.

பிறகு மழை வந்தது. எங்கள் மழைக்குச் சாரல், தூறல் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. வானத்தை அப்படியே கவிழ்த்துவிடும். மூன்றாம் நாள் பகலில் எல்லாரும் பாலத்தடிக்கு ஓடினோம். அங்கேதான் இரண்டு ஓடைகள் வந்து ஆற்றில் சேர்கின்றன. எதிர் மலையிலிருந்து வந்த ஓடை பால்தேத்தண்ணி நிறத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஓடை?

மனைவி குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். அவளுடைய துணிப்பை என் கண்ணுக்குள் தொங்கியது.

"வெரலு தெரியுது" என்றாள். பிறகு எழுந்து, மழையைவிடச் சத்தமாக, "அஞ்சு வெரலும் தெரியுதுடி!"

அந்த மழையில் பாலத்தின்மேல் ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தடிமன் பிடித்தது என்று கேட்காதீர்கள். நானும் தும்மினேன்.

லீக்ஸ் ஏற்ற நகரத்திலிருந்து லொறி ஏறி வந்த அன்று தொரையும் வந்தார். கான் வழியாகவே கடைசிவரை நடந்தார். மலை உங்களிடமே இருக்கட்டும், பக்கத்து மலையையும் பாருங்கள் என்றார். அவர் சொல்லுமுன்பே பெண்கள் அதைப் பார்த்து வைத்திருந்தார்கள். வரவில் ஒரு பங்கை அடுத்த கன்றுக்கும் எருவுக்கும் என்று தனியாக எடுத்துவைக்கவும் பேசி முடித்திருந்தார்கள்.

அப்போது என் பையில் போன் அடித்தது. கொழும்பு நோனா. மனைவியின் கை முழுக்கச் சேறு. ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். எப்போது வருகிறாய் என்று நோனா சிங்களத்தில் கேட்டார். கட்டிக்கொண்டிருந்த லீக்ஸ் கட்டுகள் கையிலேயே நிற்க, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டுக் குசினியில் கற்ற அதே சிங்களத்தில், அவசரமே இல்லாமல், மரியாதையாகச் சொன்னாள்: வரமாட்டேன் நோனா, எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

வேலையா, யாரிடம் என்று கேட்டார் நோனா.

அவள் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கடைசி எழுத்தை இழுத்து, தன் பேரைச் சொன்னாள்.

"வந்திருக்கேன்!" என்று லொறிக்குப் பின்னாலிருந்து எல்லாரும் சேர்ந்து பதில் கொடுத்தார்கள்.