இரண்டாம் வசனம்

தையற்காரிக்கு அழுகை என்றால் தெரு கேட்க அழ வேண்டும். ஒரே மகனை அடக்கம் செய்த அன்று மார்பில் அடித்துக்கொண்டு புரண்டாள். வேறு நாட்டிலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த மருமகளோ கல்லறையோரம் மரம் போல நின்றாள். அவளுடைய தகப்பன் செத்த செய்தி வந்தபோதும் இப்படித்தான். "அவங்க வீட்ல சத்தம் போட்டு அழமாட்டாங்கம்மா" என்று மகன் அப்போதே சொன்னது தையற்காரியின் காதில் ஏறவில்லை. "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, கல்லு" என்று துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

பத்து நாள் கழித்துக் குடும்ப ஜெபம் மறுபடி தொடங்கியது. தையல் மிஷினை மூடி, அதன்மேல் வேதப்புத்தகத்தை விரிப்பார்கள். வசனத்தின் எண்ணைச் சொல்லி, ஆளுக்கு ஒன்றாக வாசிக்க வேண்டும். முதலில் அம்மா, பிறகு மகன், அப்புறம் மருமகள் தன் மொழியில்.

தையற்காரி முதல் வசனத்தை வாசித்தாள். மருமகள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு" என்று ஆரம்பித்தாள்.

தையற்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டை எங்க முழுங்கின? இத்தனை வருஷத்துல எண்ணக்கூடத் தெரியலையா?"

மருமகள் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு அவரோடது, அத்தை."

சொல்லிவிட்டு மூன்றாவதை வாசித்து முடித்தாள். தையற்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாலாவதை வாசித்தாள்.

பிறகு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனால் கொஞ்சம் அதிக நேரமே காத்திருந்தார்கள்.