பத்தாவது ரீலுக்கு முன் அடித்த மணி

பரமசிவம் அண்ணாச்சி காலமான செய்தியை அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து சொன்னார். நான் வேலை பார்க்கும் ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கிடங்கில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன்.

"மாமா தவறிட்டாங்க" என்றார்.

"எங்க?" என்று கேட்டேன். எப்படி என்றோ எப்போது என்றோ கேட்கத் தோன்றவில்லை.

"வீட்லதான். நேத்து மத்தியானம் மீன்குழம்பு ஊத்திச் சாப்பிட்டாங்க. ரேடியோவ வைக்கச் சொல்லிட்டுப் படுத்தாங்க. அத்தை எழுப்பப் போனப்ப எந்திரிக்கல."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும். நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்க அவரை மெட்ராசுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இரண்டு மாதம் அங்கே கிடந்தார். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினார். "தம்பி, மேன்லேண்டில் எனக்கு யாரையும் தெரியாது. தெரியாத ஊரில் செத்துப்போகப் பயமாக இருக்கிறது. எப்படியாவது என்னைக் கப்பலில் ஏற்றிவிடச் சொல்" என்று இருந்தது. கப்பல் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லி ஒரு படுக்கை வாங்கினோம். நான்கு நாள் கடல். துறையில் நான் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தேன். மனிதர் ஏணியில் தானாகவே இறங்கி வந்தார். அதன்பின் பத்தொன்பது நாள் ஷாதிபூரில் தன் வீட்டில், தன் கட்டிலில் இருந்தார். போதும்.

அவர் நம் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். புதிதாக இந்தத் தீவுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கூரையில்லாத கொட்டகை, ஒற்றை மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். படங்கள் கப்பலில்தான் வரும். கப்பல் வந்தால் நான்கைந்து படம் சேர்ந்து வரும். வராவிட்டால் பழைய படத்தையே மூன்றாம் முறை பார்ப்போம். துறையிலிருந்து தகரப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கொட்டகை வாசலில் கரும்பலகையில் படங்களின் பெயரை எழுதுவதும் என் வேலை. சம்பளம் கிடையாது. என் எழுத்து நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமும் கிடையாது.

ஒருமுறை சண்டைப் படத்தின் பெட்டிக்குள் பக்திப் படத்தின் இரண்டு ரீல்கள் கலந்து வந்துவிட்டன. கத்தியோடு குதிரையில் போன கதாநாயகன் பாதியில் காணாமல் போனார். முனிவர் ஒருவர் தவம் செய்துகொண்டிருந்தார். அன்று கொட்டகையில் பெஞ்சுகள் பறந்தன. அதற்குப் பிறகு அண்ணாச்சி, பெட்டி வந்த அன்றே மெஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாப் படத்தையும் சுவரில் தனியாக ஓட்டிப் பார்த்துவிடுவார். உப்புக் காற்றில் பிலிம் ஒட்டியிருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். ஆனால் அதனால் தீவிலேயே அவர் ஒருவருக்குத்தான் வரப்போகும் படங்கள் முன்கூட்டியே தெரியும் என்றாகிவிட்டது. ஜனங்கள் சும்மா விடுவார்களா? கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், சனிக்கிழமை காட்சிக்கு முன் மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் பேச ஆரம்பித்தார்.

அந்தப் பேச்சைக் கேட்கவே சிலர் வந்தார்கள். "அடுத்த வாரம் சண்டைப் படம். நாலு சண்டை இருக்கு. மூணு நல்லா இருக்கு. ஒண்ணு சும்மா சேத்திருக்காங்க. அதுக்கடுத்தது பக்திப் படம். சாமி கடைசி ரீல்லதான் வருது, பிள்ளையள அதுவரைக்கும் தூங்கவிட்டு அப்புறம் எழுப்பிக்கிடுங்க. மூணாவது துப்பறியுற படம். யாரு கொன்னதுன்னு பாதியிலயே தெரிஞ்சிரும். தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கவங்களுக்குச் சொல்லாதீங்க." பிறகு வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் மலையாளிகளுக்குமாக இதையே இந்தியில் சொல்வார். அவருடைய இந்தியில் கோவில்பட்டி கலந்திருக்கும். "தோ பாட்டு பஹுத் அச்சா, ஏக் பாட்டு பஸ், டீக் ஹை, ஓடிரும்" என்பார். இரண்டு பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, ஒன்று பரவாயில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது.

இது வெறும் வேடிக்கையல்ல. பாராடாங் காட்டில் மரம் வெட்டும் முகாமிலிருந்து ஆட்கள் மாதம் ஒருமுறை படகேறி வருவார்கள். அவர்களுக்கு ஒரு படம்தான் வாய்க்கும். தவறான படத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த மாதமே போயிற்று. அவர்களில் ஒருவர் ஒருநாள், "இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு போடுறீங்க. நான் எதப் பாக்கட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசியா எப்பச் சிரிச்சீரு?"

அந்த ஆள் யோசித்தார். விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார்.

"அப்ப நாளைக்கு உள்ளதப் பாரும். படகுக்காரன்கிட்ட ஒருநாள் பொறுக்கச் சொல்லுதேன்."

கதையின் முடிவை மட்டும் யார் கேட்டாலும் சொல்லமாட்டார். "முடிவு என்னன்னு சொல்லமாட்டேன். முடிவத் தாங்கிக்கிட முடியுமான்னு மட்டும் சொல்லுவேன்" என்பார். அந்தச் சொல்லின் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் இளைய மகளுக்கு அப்போது மூன்று வயது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். என் மனைவி செண்பகம் அதன்பின் ஏழு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு முன் ஒரு சனிக்கிழமைகூடக் கொட்டகைக்குப் போகாமல் இருந்தவளில்லை. மூத்தவனுக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், குழந்தையின் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். நான் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே, "நாளைக்குச் சிரிப்புப் படமாமே, போவோமா?" என்றாள். நான் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தேன். அதிகம் சந்தோஷப்பட்டால் மனம் மாறிவிடுவாளோ என்ற பயம். "போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் கப்பல் தாமதம். போஸ்டர் முந்தின கப்பலிலேயே வந்து ஊரெங்கும் ஒட்டியாகிவிட்டது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நானே பலகையில் எழுதியிருந்தேன். பெட்டி வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலையில்தான். மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெஷின் அறையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி இன்னைக்கு வருதாமே?"

"வர்றா அண்ணாச்சி. அவளே கேட்டா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல படந்தான். ஒம்பது ரீலும் சிரிப்புத்தான். பத்தாவது ரீல்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருது."

நான் பெட்டியில் பத்து என்று எழுதியிருந்த ரீலைத் தேடினேன்.

"பிள்ள பொழைக்கல. பதினொண்ணுல திரும்பச் சிரிப்பு. எதுக்கு நடுவுல அதக் கொண்டாந்து வச்சான்னு தெரியல."

போக வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அடுத்து எப்போது வெளியே வருவாளோ. சொல்லாமல் அழைத்து வந்தாலோ, இருநூறு பேர் நடுவில் அவள் அதைப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி முதலாளியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கப்பலில் வந்த வேறு படம் ஒன்றைப் போடலாமா என்று அவர் கேட்டார். முதலாளி கெட்டவரல்ல, ஆனால் போஸ்டர் ஒட்டி, டிக்கெட்டும் பாதி போய்விட்ட நிலையில் படத்தை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. "அப்ப அந்த ரீல விட்டுட்டு ஓட்டட்டுமா?" என்றார் அண்ணாச்சி. "கதை புரியாம மறுபடி பெஞ்சு ஒடையவா?" என்றார் முதலாளி. "அப்ப மைக்குல சொல்லிருதேன்" என்றார் இவர். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிப்புப் படம்னு காசு வாங்கிட்டு, சாவு இருக்குன்னு சொல்லுவியா? சொன்னா நாளைலேருந்து வேற ஆள் மெஷின் ஓட்டுவான். பாத்துக்கோ."

அண்ணாச்சிக்கு அப்போது மூன்று பிள்ளைகள். குடியிருந்த அறையும் முதலாளியுடையது. திரும்பி நடக்கும்போது, "வேண்டாம் அண்ணாச்சி, நான் அவகிட்டச் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"நீ தங்கச்சிகிட்டத் தனியாச் சொல்லாத" என்றார். "தனியாச் சொன்னா அது மட்டும்தான் பாவம்ங்கற மாதிரி ஆயிரும். நான் ஊருக்குச் சொல்லுதேன். ஊர்ல ஒருத்தியாக் கேட்டுக்கிடட்டும்."

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் நிறைந்தது. செண்பகம் பச்சைப் புடவை கட்டி வந்திருந்தாள். மூத்தவன் எங்கள் நடுவில். அண்ணாச்சி மைக்கை எடுத்தார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"இன்னைக்கு உள்ள படம் ரொம்ப நல்லாச் சிரிக்க வைக்கும். ஆனா பத்தாவது ரீல்ல ஒரு பிள்ள தவறிப்போவுது. அது சிலபேருக்குத் தாங்காது. அதனால அந்த ரீல மாட்டுறதுக்கு முன்னால மணி ஒருதடவ அடிப்பேன். வெளிய போகணும்னு நெனைக்கிறவங்க போலாம். யாரும் காரணம் கேக்கக் கூடாது. அந்த ரீல் பத்து நிமிஷந்தான். முடிஞ்சதும் ரெண்டு தடவ அடிப்பேன். வந்து உக்காந்த பெறகுதான் அடுத்தது ஓடும்." பிறகு இந்தியில் அதையே சொன்னார். அவருடைய இந்திக்கு யாரும் சிரிக்காத ஒரே நாள் அதுதான்.

செண்பகம் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். படம் ஓடியது. மூன்றாவது ரீலில் அவள் சிரித்ததைக் கேட்டேன். ஐந்தாவதில் மூத்தவன் தொடையைத் தட்டிச் சிரித்தாள். எனக்குப் படம் ஒன்றும் ஏறவில்லை. ரீல்களை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது முடிந்தது. விளக்கு வந்தது. மணி ஒருமுறை அடித்தது.

யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில், நாங்கள் யாரும் பேசியறியாத ஒரு வங்காளிப் பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் கரடுமுரடான ஒரு லாரி டிரைவர். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஒருவர் பின் ஒருவராக. செண்பகமும் எழுந்தாள். "நீங்க இவனோட இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மொத்தம் பதினைந்து, பதினாறு பேர் இருக்கும். இத்தனை பேரா என்று நான் நினைத்தேன். இத்தனை வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் எங்களுக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

அந்தப் பத்து நிமிடம் நான் திரையைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்தேன். மணி இரண்டு முறை அடித்தது. வெளியே போனவர்கள் வந்தார்கள். செண்பகம் கடைசியாக, ஒரு வங்காளிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்களுக்கும் பொண்ணாம். கப்பல்ல வர்றப்ப போயிருச்சாம்" என்றாள். பிறகு, "நம்ம வள்ளியப் பத்திச் சொன்னேன்" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டேன். பதினோராவது ரீல் ஓடத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். என் கண்ணில் நீர் வழிந்ததை யாரும் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொண்டு, வேலை போய்விட்டது என்றே எண்ணி முதலாளியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மெஷின் அறைச் சாவியை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். வெளியே வந்ததும் அண்ணாச்சி மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "பயந்துட்டேன் தம்பி, ராத்திரி பூரா பயந்துட்டேன்" என்றார். இரண்டு மாதம் கழித்து முதலாளியே அவரிடம் வந்து, "அம்மா படத்துக்கு வரணுங்கறாங்க. இதுல ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பேய்ப் படத்தைக் குழந்தைகளும் பார்க்கலாம் என்று சொல்லி, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை மைக்கில், "போன வாரம் நான் சொன்னது தப்பு. தாய்மாருங்க மன்னிக்கணும். எனக்குப் பேய்னா பயம் கெடையாது, அதான் தெரியாமப் போச்சு" என்றார். அத்தோடு தைரியமாக அடுத்த படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது செண்பகம் அவர் மனைவியின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "நல்லபடியாப் போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வரப்போவதைச் சொல்ல வேண்டியவன், அது வருமுன் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் கேட்கும்படி, யாரையும் சுட்டாமல் சொல்ல வேண்டும். போன வாரம் கப்பல் இரண்டு நாளாக வரவில்லை. துறையில் ஜனங்கள் குமைந்துகொண்டிருந்தார்கள். கப்பல் அலுவலகத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டால் தெரியாது என்றார்கள். கிடங்கு வேலையாக அங்கே போனபோது வயர்லெஸ் செய்தியை நான் பார்த்திருந்தேன். வெளியே போய் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "கப்பல் இன்னிக்கு வராது, நாளைக்கும் வராது. இயந்திரக் கோளாறு. ஆனா எல்லாரும் பத்திரமா இருக்காங்க. நாளன்னிக்கு மத்தியானம் துறைக்கு வந்துடும்" என்று சொன்னேன். இந்தியிலும் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், இரண்டு நாளாக உட்காராதவள்போல, அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.