இறுக்கி அடிக்காத கூரைகள்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் நான். நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்துவிடும் என்று என் மனுசன் எப்போதும் குறை சொல்வார். ஆனால் கிளிநொச்சியில் ஒரு கட்டடப் பொருள் கடையில், தகரமும் ஆணியும் விற்கும் பக்கத்தில், பல வருசமாக நிற்கிறேன். இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றை மட்டும் பிழையில்லாமல் சொல்லுவேன்: ஊரில் கூரை பறந்தால்தான் எங்களுக்கு வியாபாரம். தகரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு, காற்று இரைந்தால் முகட்டைப் பார்க்கிற எல்லாருக்கும் நான் சொல்வது விளங்கும்.

வயலுக்குள் வந்த தகரம்

போன மாரியில் சூறாவளி அடித்த அடுத்த நாள் கடை திறந்தோம். எங்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது. அலுமாரியும் படுக்கையும் மழைக்குள் நனைந்துகொண்டிருக்க, நான் வந்து மற்றவர்களுக்குக் கூரை விற்றுக்கொண்டு நின்றேன். வராமல் விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். மனத்துக்குள் அழுதுகொண்டு, "எத்தனை அடித் தகரம் வேணும்?" என்று கேட்டேன்.

அப்போது ஒரு மனுசி, நெளிந்து சப்பளிந்த தகரம் ஒன்றைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தா. இதை வைத்துக்கொண்டு புதிசு ஒன்று தரமுடியுமா என்று கேட்டா. முதலாளி தகரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கட கடைச் சாமானே இல்லை. எங்க வாங்கினீங்களோ அங்க கொண்டுபோங்கோ" என்றார். மனுசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கயும் வாங்கேல்லைத் தம்பி. இது காத்தோட வந்து என்ர வயலுக்க விழுந்தது. என்ர தகரம் ஆரின்ர வயலில கிடக்கோ தெரியாது. அவையளாவது அதை வைச்சு மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை மேயட்டும்."

ஆணி போதும்

வயதான ஒருவர் வீடு முழுவதற்கும் புதுத் தகரம் எடுத்தார். ஆணிக்கு வந்தபோது ஒரு சின்னப் பை போதும் என்றார். நான் கொழுக்கி ஆணிப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். அதன் முனை வளைந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசில் கழன்று வராது. "காத்துக்கு இதுதான் ஐயா நல்லது" என்றேன். அவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

இதைச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரருக்கு எங்களை விளங்காது. சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் சனம் சட்டி பானையோடு கூரையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுதான் போனது. போன இடத்தில் நாலு தடி நட்டு, அதே தகரத்தைப் போட்டது. பிறகு அங்கிருந்தும் கழற்றியது. இறுக்கி அடித்த தகரம் கழற்றும்போது கிழிந்துபோகும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாக, மேலோட்டமாக அடிக்கிற பழக்கம் கையில் ஊறிவிட்டது. கல்வீடு கட்டினாலும் கூரையை மட்டும் அப்படித்தான் போடுகிறோம். எங்கள் வீட்டுக் கூரையும் அப்படிப் போட்டதுதான். காற்று ஒருமுறை இழுத்ததுக்கே அது கழன்று போனது.

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம் ஐயா, இன்னும் கழட்டுற யோசினையோ?" என்று கேட்டேன். அவர் ஆணிப் பையைச் சுருட்டி மடிக்குள் வைத்தார். "முடிஞ்சதெண்டு ரேடியோவில சொன்னவைதான் பிள்ளை. எனக்கு ஆரும் வந்து சொல்லேல்லை."

அலவாங்கு

அரசாங்கத்திலிருந்து சேதம் பார்க்க வந்தவர்கள், சுவர் விழுந்த வீட்டை முழுச் சேதம் என்றும், சுவர் நிற்கிற வீட்டைப் பாதிச் சேதம் என்றும் பிரித்தார்களாம். கூரை, கதவு, விதைநெல் மூட்டை எல்லாம் போன ஒரு பொடியனுக்கு, நாலு சுவரும் நின்றதால் நட்டஈட்டில் பாதிதான் கிடைக்குமாம். கடைக்கு வந்தவன் தகரப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், கடப்பாரைகள் சாத்தியிருந்த மூலைக்குப் போனான். "அக்கா, அலவாங்கு ஒண்டு தாங்கோ. காத்து அரைகுறையா விட்டிட்டுப் போன வேலையை நான் முடிக்கப்போறன்."

அமெரிக்காவில் அடித்த காற்று

கடையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருக்கிறது. ஒருநாள் அதில் அமெரிக்காக் கரையில் பெரிய சூறாவளி அடித்ததைக் காட்டினார்கள். மாடி வீடுகள் தண்ணீருக்குள் நின்றன. படகுகள் தெருவில் கிடந்தன. எத்தனையோ கோடி டொலர் நட்டம் என்று செய்தி வாசித்தவர் சொன்னார். முதலாளி தலையில் கைவைத்தார். "அவங்கள் திரும்பக் கட்டத் தொடங்கினா இரும்பு விலை ஏறும். எங்கட தகரமும் ஏறும்" என்றார். நான் அந்த வீட்டுக்காரரைத்தான் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், விலை என்றதும் எனக்கும் என் வீட்டு முகடுதான் ஞாபகம் வந்தது. அப்போது நாங்கள் கூரைக்குப் பதில் கட்டிய தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம்.

மாங்குளத்துக்கு அங்கால் கச்சான் கடலை பயிர் செய்கிற பார்வதி அன்றைக்குக் கடையில் நின்றாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்கள் சூறாவளியில் அவளுடைய கச்சான் நிலத்துக்குள்ளேயே அழுகிப்போனது. ஆடுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. செய்தி முடியும்வரை கண் வெட்டாமல் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அங்க போனது எவ்வளவுன்னு ஒலகத்துக்கே சொல்றாங்களேக்கா. என் ஆடு போனத என் வீட்டுக்காரர் கிட்ட சொல்லவே எனக்கு ஒரு நாளாச்சு."

எங்கள் வீடு

மெல்ல மெல்ல நாங்களும் புதுத் தகரம் போட்டோம். போட்டவர் என் மனுசன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அடிக்கிற சத்தத்திலேயே விளங்கிவிட்டது. ஒன்றுவிட்டு ஒன்று.

"இஞ்சருங்கோ, போன முறையும் இப்பிடித்தானே அடிச்சனீங்கள்?"

"நீ சும்மா இரப்பா. நாளைக்கு இடம்விட்டு எழும்பச் சொன்னா இதைக் கிழிச்சே கொண்டுபோறது?"

"ஆர் எழும்பச் சொல்லப்போயினம்?"

"சண்டை நேரம் மட்டும் எங்களைக் கேட்டிட்டே சொன்னவை?"

இந்த மாரியும் வங்கக்கடலில் தாழமுக்கம், சூறாவளி வரலாம் என்று அறிவித்தார்கள். இன்னொரு கூரை போட எங்களால் ஏலாது. இந்தத் தகரமும் போனால் வீடு வெறும் சுவர்தான். மனுசன் வயலுக்குப் போன நேரம் பார்த்து, கடைக்கு வரும் மேசன் ஒருவரைக் கூட்டிவந்து, முழுக் கூரைக்கும் கொழுக்கி ஆணி அடிப்பித்தேன். வேலை முடிகிற நேரம் மனுசன் வந்துவிட்டார். சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. முற்றத்தில் நின்று ஒவ்வோர் ஆணியாக அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப இனி இதை விட்டிட்டுத்தான் ஓடவேணும்" என்றார்.

காற்று வந்த அன்று பகலோடு பகலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கொங்கிறீட் தட்டுக்குக் கீழே இருந்தோம். திரும்பி வந்தபோது வாழைகள் எல்லாம் விழுந்து கிடந்தன. கூரை இருந்தது. நான் அழுதேன். மனுசன் உள்ளே போய்க் குசினியில் அடுப்பை மூட்டினார். அவர் சொன்னது மட்டும் என் மண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தது. அடுத்த நாள் கடையில் நீளக் கைப்பிடி போட்ட ஆணி பிடுங்கி ஒன்றை வாங்கிவந்து, அவருக்குச் சொல்லாமல் என் பாய்க்குக் கீழே வைத்தேன்.

காற்றுக்குப் பயந்து ஆணி அடித்து, சண்டைக்குப் பயந்து ஆணி பிடுங்கியும் வாங்கி வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்கு இதற்கு மேல் ஒரு மனுசி என்னதான் செய்வாள்?