கத்திக்கு ஒரு கையெழுத்து

டவுன்டவுனில் நான் சமைக்கிற உணவகத்தில் கத்திகளை நாங்களே வாங்க வேண்டும். அந்தச் செலவை வரிக் கணக்கில் கழிக்கலாமாம். எனக்கு வரிப் பத்திரம் நிரப்பித் தருகிற சிவா அண்ணை நேற்றுத்தான் சொன்னார்.

“ஆனா, கத்திக்குத் தான் காசு தரேல்லை எண்டு முதலாளி கையெழுத்து வைக்கோணும், தம்பி.”

எந்த முதலாளி அப்படி எழுதிக் கொடுப்பார்? இன்று காலை தயங்கித் தயங்கித்தான் அதற்கான படிவத்தை முதலாளியிடம் நீட்டினேன்.

இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்து வைத்தார்.

பிறகு மெதுவாக, “போன வருஷம் வரைக்கும் நானும் இன்னொருத்தரிடம் சமைத்தவன்தானே. என் கத்திகளுக்கும் கேட்கலாமா?” என்றார்.

சிவா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“ஓம், கேக்கலாம். அவரின்ரை பழைய முதலாளியிட்டைப் போய்க் கையெழுத்து வாங்கச் சொல்லும்.”

சொன்னேன். காலையில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவர் முகத்தில் பார்த்தேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கு உங்கள் முதலாளி கையெழுத்து வைப்பாரா?