பூ ரூமில் தூங்கிய சுருள் பன்

கதவைத் திறந்தபோது

ஐஸ் ரூம் கதவைத் திறந்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. குளிரால் இல்லை, வாசனையால். முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் டிரே டிரேயாக அடுக்கிவிட்டுப் போன இடத்தைச் சுற்றி, மேலே, பக்கத்தில், இடுக்கில் எல்லாம் பூக்கூடை. மல்லி, பிச்சி, அது போதாதென்று மரிக்கொழுந்துக் கட்டு வேறு. மேல் டிரேயின் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தேன். மாவுச் சுருள்கள் அளவாக உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. குனிந்து மோந்தேன். கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்குக் கிறிஸ்துமஸ். தாடிக்கொம்புப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது இந்தப் பன் சூடாக அங்கே இருக்க வேண்டும். புதிதாக மாவு பிசைந்து, ஏறவிட்டு, சுருட்டி, சுட்டு எடுக்க நேரமே கிடையாது. இருட்டு இன்னும் பிரியவில்லை, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

திண்டுக்கல்லில் பேக்கரி மாஸ்டராகவே என் சர்வீஸ் முழுக்க ஓடிவிட்டது. இப்போது தொழிலுக்கு வருகிற தம்பிகள், “மாஸ்டர், நீங்க ரொம்ப அதிர்ந்துபோன நாள் எது?” என்று கேட்பார்கள். அடுப்புச் சுவர் இடிந்த கதையைச் சொல்வேன் என்று காத்திருப்பார்கள். அது எல்லாம் ஒன்றுமே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த இந்தக் கிறிஸ்துமஸைத்தான் சொல்வேன்.

‘லேசான வேலை’

அப்போது நான் வேலை பார்த்த பேக்கரிக்கு முதலாளி செல்வராணி அக்கா. கணவர் நடத்திய கடை. அவர் அந்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்கா கல்லாவில் வந்து உட்கார்ந்தார். கட்டடம் குடும்பப் பேரில் இருந்தது. கணவரின் அண்ணன் அருளப்பன், டவுனில் பூட்டு மொத்த வியாபாரம் செய்கிறவர், ஒரு நாள் கடைக்கு வந்து என் முன்னாலேயே சொன்னார்.

“இங்க பாரு செல்வராணி. கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்குறேன். ஒரு பெரிய ஆர்டர எடுத்து ஒழுங்கா முடிச்சுக் காட்டு. இல்லேன்னா கடைய வாடகைக்கு விட்டுருவோம். நீ பிள்ளைகளக் கூட்டிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு.”

“சரித்தான்” என்றார் அக்கா.

மறு வாரமே அக்கா ஓர் ஆர்டரோடு வந்து நின்றார். கிறிஸ்துமஸ் காலையில் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் டிபன் கொடுக்கிறார்கள், அதில் ஒரு இனிப்பு வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார். கேக் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்பதால் அக்கா சுருள் பன் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

“சூடா எப்பிடிக்கா குடுக்க முடியும்? மொத நாள் பூரா அடுப்புல ஊரார் கேக்குத்தான வேகும்” என்றேன். உண்மைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டவுனில் பாதி வீடுகள் கேக் மாவைக் கலந்து தங்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே கொண்டுவந்து எங்கள் அடுப்பில் வேகவைத்துப் போவார்கள். நிற்க இடம் இருக்காது.

“அதான் லேசான வழி இருக்கு மாஸ்டர். எந்தங்கச்சி வெளிநாட்டுல நர்ஸா இருக்கால்ல, அவ போன்ல சொன்னா. மொத நாளே மாவப் பிசைஞ்சு, விரிச்சு, வெண்ணெயும் சீனியும் பட்டத்தூளும் தூவி, சுருட்டி, வெட்டி டிரேல அடுக்கிரணும். ராத்திரி பூரா குளுந்த எடத்துல வச்சா மெதுவா ஏறும். விடிய எடுத்துச் சுட வேண்டியதுதான்.”

தங்கச்சி இருக்கிற ஊரில் வாசலில் வைத்தாலே குளிர்ந்துவிடும். எங்கள் ஊரில் மார்கழியாக இருந்தாலும் ஈஸ்ட் போட்ட மாவை ராத்திரி முழுக்க வெளியே விட்டால் விடியும்போது புளித்துப் பொங்கி டிரேயைத் தாண்டித் தரையில் நடக்கும். கடையில் இருந்ததோ கூல்டிரிங்ஸ் பாட்டில் வைக்கிற ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அவ்வளவு டிரேக்கு எங்கே போவது?

அந்தக் காலத்து டவுனில் எங்களுக்குத் தெரிந்து அவ்வளவு குளிர்ச்சியான பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான். பூ மார்க்கெட் பக்கம் பூ வியாபாரி மாணிக்கம் வைத்திருந்த ஐஸ் ரூம். வெளியூர் போகிற பூவை லாரி வரும்வரை ஐஸ் கட்டி போட்டு அங்கேதான் வைப்பார். இது எங்கள் ஊர் மூளை. வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது, எங்களுக்கு வந்தது.

மாணிக்கமும் பெரிய மனசோடு சொன்னார். “பண்டிகைச் சரக்கெல்லாம் மத்தியானமே போயிரும். ரூம் சும்மாதான கெடக்கும், கொண்டாந்து வச்சுக்கங்க.”

நாங்கள் அறையைக் கழுவித் துடைத்து டிரேயை அடுக்கியபோது உள்ளே ஒரு இதழ்கூட இல்லை. நானே பார்த்தேன்.

நல்ல வாசனைதானே

அதனால்தான் விடிகாலையில் எனக்கு அப்படி ஓர் அதிர்ச்சி. மாணிக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“என்னப்பா செய்ய, நீங்க போன செத்த நேரத்துல லோடு வந்துருச்சு. அத ஏத்திட்டுப் போற லாரி வழியில நின்னு போச்சாம். பூவ வெளிய போட்டா வெந்துருமே. ஒங்க டிரேய நான் தொடக்கூட இல்ல.”

“தொடலேன்னா? மோந்து பாருங்கண்ணே!”

அவர் மோந்து பார்த்தார். என்னை ஒன்றும் புரியாதவராகப் பார்த்தார். “நல்ல வாசனைதானய்யா அடிக்குது? நாத்தமா அடிக்குது?”

இவரிடம் என்னத்தைச் சொல்வது? வெண்ணெயும் டால்டாவும் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையைக் குடித்துவிடும். சோப்பு இருந்த பையில் வெண்ணெய் வாங்கி வந்தவர்களுக்குத் தெரியும். டிரேக்களை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வந்தேன்.

அக்கா துணியைத் தூக்கினார். அப்படியே பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கணவரின் சவப்பெட்டி மேல் மாலை மாலையாகக் கிடந்ததும் இதே மல்லியும் மரிக்கொழுந்தும்தான். அதற்குப் பிறகு அக்கா இந்த வாசனை பக்கமே போனதில்லை.

“அடுப்புல போனா பறந்துரும்க்கா” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் தள்ளினேன். வாசனை பறந்ததென்னவோ நிஜம், கடை முழுக்கப் பறந்தது. பன்னிலும் மிச்சம் இருந்தது. நிறம் தங்கமாக வந்திருந்தது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அவ்வளவு அருமையான சரக்கை அதற்கு முன் நான் போட்டதே இல்லை. பிட்டு வாயில் வைத்தால் மாலையைக் கடித்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பட்டத்தூளும் ஏலக்காய்த்தூளும் சீனிப்பாகுல கலந்து மேல அடிச்சு விட்டுருவோம்க்கா. கண்டுபிடிக்க முடியாது.”

அக்கா ஒரு பன்னை எடுத்து முழுசாகத் தின்றார்.

“கெட்டுப் போகல மாஸ்டர். வாசம்தான். வண்டியில ஏத்துங்க, நான் சொல்லிக்கிறேன்.”

“யார்ட்டக்கா சொல்வீங்க?”

“திங்கப் போறவுங்ககிட்டத்தான்.”

மைக்

சாமியாரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பூசை முடிந்தது. ஜனங்கள் ஹாலுக்குள் வந்தார்கள். அருளப்பனும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்னால் நின்றார். தம்பி பெண்டாட்டி என்ன செய்து கிழிக்கிறாள் என்று பார்க்கத்தான் டவுனிலிருந்து வந்திருந்தார். அந்த நேரத்தில் அக்கா நேராகப் போய்ச் சாமியாரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“எல்லாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. இந்தப் பன் எங்க கடைச் சரக்கு. ராத்திரி மாவப் பூ ரூம்ல வச்சதுல பூ வாசம் ஏறிப் போச்சு. கெட்டுப் போகல, நான் தின்னு பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். புடிக்காதவுங்க எடுக்க வேணாம். இதுக்குச் சாமியார்கிட்ட நான் காசு வாங்க மாட்டேன்.”

அருளப்பன் முகம் சிவந்து போனது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கடை போச்சு, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள், எனக்கும் வேலை போச்சு என்று மளமளவென்று மனசில் ஓடியது.

முன்வரிசையில் ஒரு அம்மா பன்னை எடுத்தார், மோந்தார், திருப்பி மோந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். “ஆத்தா, ஒனக்கு ஏதாச்சும் தெரியுதா?”

“பட்ட வாசந்தான் வருது.”

“எனக்கும் அம்புட்டுத்தான் தெரியுது.”

ஒரு பெரியவர் கடித்துக்கொண்டே சிரித்தார். “எங்களுக்குச் சோறே பூ வாசந்தான் அடிக்கும், அப்பு. நாங்க பறிக்கிறதே பூவுதான?”

அப்போதுதான் நான் ஹாலையே பார்த்தேன். அந்தக் கோயில் ஜனங்களில் பாதிப் பேர் பூந்தோட்டக்காரர்கள். பண்டிகை நாள். சின்னக் குழந்தை முதல் பெரிய மனுஷி வரை தலை கொள்ளாத மல்லி. மேடையில் பூ, குடிலில் பூ, சாமியார் கழுத்தில்கூட ஒரு மாலை. அந்த ஹாலில் என் பன்னின் வாசனையை யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பது? அருளப்பனும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, வீட்டுக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார். பலகாரப் பிரியர்கள் எல்லாரும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். டிரேயில் சீனி மட்டும் மிஞ்சியது.

திரும்பும்போது எனக்கு ஆத்திரமே வந்தது. “தேவையாக்கா இது? சொல்லாமயே இருந்திருக்கலாம். ஒரு ஆளுக்குத் தெரியல பாருங்க” என்றேன்.

பொட்டலம் வீட்டுக்குப் போன பிறகு

சாயங்காலம் அருளப்பன் கடைக்குள் புயலாக நுழைந்தார். கையில் காலைப் பொட்டலம்.

“என்னத்தக் குடுத்துவிட்ட? பொட்டலத்தப் பிரிச்சதும் எம் பொண்டாட்டி, யாருக்கு என்னாச்சுன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடி வாரா! எழவு மாலை கணக்கா வீடே மணக்குது!”

பூ இல்லாத வீட்டில் பன் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. அப்படியானால் காலையில் பொட்டலம் கட்டிப் போன அத்தனை வீடுகளிலும் இதே கதைதான். ஊரே திரண்டு வரும் என்று வாசலைப் பார்த்தேன்.

அக்கா எழுந்து நின்றார். “அதத்தான காலையில மைக்குல சொன்னேன் அத்தான். நீங்களும் முன்னாலதான நின்னீங்க?”

அந்த நேரம் பார்த்து ஹாலில் முன்வரிசையில் நின்ற அதே அம்மா உள்ளே வந்தார். கேக் வேகவைத்த பாத்திரத்தை வாங்கிப் போக வந்தவர்.

“வீட்டுக்குப் போயித்தான்த்தா மணந்துச்சு. எம் மருமக சண்டைக்கு வந்தா. அந்தப் பொம்பள முன்னாடியே சொல்லிட்டாடி, நமக்குத்தான் மூக்கு இல்லேன்னு சொன்னேன். புது வருசத்துக்குப் பத்துப் பன்னு போட்டு வையி.”

அந்த அம்மா போன பிறகு அருளப்பன் பொட்டலத்தை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். காலையில் அக்கா மட்டும் என் பேச்சைக் கேட்டு வாயை மூடியிருந்தால் இந்தச் சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தம்பிகளே, சரக்கில் குறை வராத மாஸ்டர் எவனும் கிடையாது. குறையை மறைக்க ஆயிரம் எசென்ஸ் இருக்கிறது. ஆனால் பன் நம் கண் முன்னாலேயே தின்று தீர்ந்துவிடாது, வீட்டுக்குப் போகும். அங்கே நாம் இருக்க மாட்டோம். நாம் முன்னாடியே சொன்ன வார்த்தை மட்டும்தான் இருக்கும்.

அருளப்பன் கடைசியில் பொட்டலத்தைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். வாசல்படி இறங்கியவர் திரும்பி, அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மாஸ்டர், புது வருசத்துக்கு எங்க வீட்டுக்கும் போடுங்க. பூவு வேணாம்.”