கிறிஸ்ரினா வைத்துவிட்டுப் போன கறிகள்

குருநகர்க் கரையில் இருந்த ஐஸ் கொம்பனியில் வேலைசெய்தே எமில்ராஜின் தலை நரைத்தது. விடியப்புறம் படகுகள் வந்து சேர்ந்ததும் ஐஸ்கட்டியை உடைத்து மீன்பெட்டிகளுக்குள் அள்ளிக் கொட்டுவது அவருடைய வேலை. ஊரார் பிடித்த மீன் கொழும்புக்குப் போய்ச் சேரும்வரை பழுதாகாமல் பார்த்த மனிதர், தன் வீட்டு அடுப்படிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கு மனைவி கிறிஸ்ரினா இருந்தாள்.

பிரான்சில் இருந்த மகள் தனுசியாவுக்கு முதற்பிள்ளை பிறக்க இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கப் போகக் கிறிஸ்ரினாவுக்கு விசா கிடைத்தது. அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு, தை மாதம். பயணத்துக்கு முந்திய கிழமை முழுக்க அவள் அடுப்படியிலேயே நின்றாள். கணவாய், இறால், திருக்கை, ஆட்டிறைச்சி என்று சமைத்து, ஆறவைத்து, வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்தாள். மூடிகளில் பிளாஸ்ரர் ஒட்டிக் கறியின் பெயரை எழுதி, பிறிட்ஜின் ஐஸ்தட்டில் இடைவெளி இல்லாமல் அடுக்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஒவ்வொண்டா எடுத்துச் சூடாக்குங்கோ. சோறு மட்டும் வடிச்சால் காணும். கறி முடியமுதல் நான் வந்திடுவன்."

"ஓம், ஓம். நீ யோசியாமல் போட்டு வா."

அவள் போன மறுநாள் எமில்ராஜ் கணவாய்ப் பெட்டியை வெளியே எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விரல் விறைத்தபோது பெட்டியைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டு, சந்திக் கடையில் பாணும் பருப்பும் வாங்கிவந்து தின்றார். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. பிறிட்ஜைத் திறக்கும்போது அடுக்குக் குறையாமல் இருந்தால், அவள் பக்கத்து வளவுக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்பதுபோல இருந்தது. அதைக் குலைக்க மனம் வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

பின்னேரங்களில் கிறிஸ்ரினா போனில் வருவாள்.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

"திருக்கை."

"உப்புக் காணுமோ?"

"அந்தமாதிரி இருந்தது."

மாசியில் பேரன் பிறந்தான். பங்குனியில் நாட்டுக்கு எரிபொருள் வராமல் இங்கே மின்வெட்டு மோசமானது. முதலில் சில மணித்தியாலம், பிறகு அரைநாள். டீசல் இல்லாமல் ஐஸ் கொம்பனியின் ஜெனறேற்றரும் நின்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கொம்பனியைப் பூட்டிய அன்று, கூட வேலைசெய்த செல்வரட்ணம் மிச்ச ஐஸை அள்ளிக்கொள்ளச் சொன்னான்.

"வீட்டிலை மீன் கிடக்கோ, எமில் அண்ணை?"

"இல்லை. மனிசி வைச்ச கறி."

"அக்கா போய் எவ்வளவு காலம்! இன்னும் சாப்பிட்டு முடியேல்லையோ?"

எமில்ராஜ், மீன் அனுப்பும் றெஜிபோம் பெட்டி ஒன்றில் ஐஸை நிரப்பி, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடியில் ஐஸ், நடுவில் கறிப்பெட்டிகள், மேலே திரும்பவும் ஐஸ். சுற்றிவரச் சாக்கு. தண்ணீரை வடிப்பதும் சாக்கை இறுக்குவதுமாகக் காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பத்திரமாக வைக்கத் தெரிந்த மனிதருக்கு அதை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதும் தெரியும். தெரிந்தும் மூடியைத் திறந்து பார்க்காமல் இருந்தார்.

ஒருநாள் மத்தியானம் கூடத்துக்குள் புளித்த மணம் வந்தது. திறந்தார். இறால் பெட்டியின் மூடி உப்பியிருந்தது. கணவாய்க் குழம்பில் நுரை. அடியில் கிடந்த ஆட்டிறைச்சிப் பெட்டி மட்டும் இன்னும் உள்ளே கட்டியாக இருந்தது. சமையல் காஸும் இல்லாத காலம் அது. கொல்லையில் மூன்று கல்லை வைத்து, தென்னோலை மூட்டி, அதைக் கொதிக்கவைத்துச் சுண்டவைத்தார். கிறிஸ்ரினா வறுத்த மிளகாய்த்தூளின் மணம் எழும்பியது. வேறு எந்த வீட்டிலும் அந்த மணம் இல்லை. சோறுகூட வடிக்காமல், நின்ற நிலையிலேயே, சட்டியோடு தின்றார். மற்றதெல்லாவற்றையும் முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டிக் கொட்டி, நாய் கிளறாமல் மேலே கல்லையும் தூக்கி வைத்தார்.

அன்று பின்னேரமும் போன் வந்தது.

"என்ன சாப்பாடு?"

"இறால்."

 கிறிஸ்ரினா மெல்லக் கேட்டாள்.

"இறால் ரெண்டே ரெண்டு பெட்டிதானே வைச்சனான். போன கிழமை மட்டும் நாலுதரம் இறால் எண்டு சொன்னியள். என்னப்பா நடக்குது அங்கை?"

எமில்ராஜ் சொன்னார். பாணும் பருப்பும், ஐஸும், கிடங்கும், எல்லாம்.

"சமைச்சது சாப்பிடத்தானே," என்று அவள் அழுதாள். "நான் இஞ்சை நிம்மதியாய் இருந்தன். நீங்கள் வடிவாச் சாப்பிடுறியள் எண்டு."

"எடுத்தால் முடிஞ்சிடும், கிறிஸ்ரி."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நானும் ஒண்டு சொல்லேல்லை. தனுசியா வேலைக்குப் போகவேணுமாம், பேரனைப் பாக்க ஆள் இல்லை. விசாவை நீட்டக் குடுத்திருக்கினம். நான் இப்ப வரமாட்டன்."

"எப்ப குடுத்தவை?"

"பேரன் பிறந்த கையோடை."

அவருக்குக் கோபம் வரவில்லை. அவளும் ஒன்றைப் பொத்திவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தார். அப்போது முதல்முறையாக, வீடு எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தது.

அதன்பிறகு எமில்ராஜ் தானே சமைத்தார். முதலில் தீய்ந்தது, பிறகு உப்புக் கரித்தது, பிறகு வாய்க்கு வந்தது. படகுகள் திரும்பவும் ஓடத் தொடங்கி, ஐஸ் கொம்பனியும் திறந்தபோது யாராவது ஒரு கோர்வை மீனைக் கையில் தருவார்கள். ஒருவர் எவ்வளவு தின்பது? மிஞ்சியதைக் கீறி உப்புத் தடவி, காகம் கொத்தாமல் பழைய வலையால் மூடி, தகரக் கூரையில் காயவிட்டார். நல்ல கருவாடுதான். குடுக்கத்தான் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லார் கூரையிலும் அதுதான் காய்ந்தது.

அடுத்த வருடம் ஆடியில், ஊரின் யாகப்பர் கோவில் திருவிழாவுக்குக் கிறிஸ்ரினா வந்தாள். மெலிந்திருந்தாள். முதல்நாள் அவர் வைத்த சூடைமீன் குழம்பைத் தின்றுவிட்டு, "புளி கொஞ்சம் கூட," என்றாள். ஆனாலும் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் இருந்தாள். பிரான்சுக்குத் திரும்புவதற்கு முன் சந்தைக்குப் போக வெளிக்கிட்டவளை அவர் மறித்தார்.

"ஒண்டும் சமைச்சு வைக்காதை. இருக்கிற நாளிலை ரெண்டுபேரும் சாப்பிடுவம்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

அவளை ஏற்றிக்கொண்டு கொழும்பு பஸ் போன இரவு, பழக்கதோஷத்தில் எமில்ராஜ் இரண்டுபேருக்குச் சோறு வடித்துவிட்டார். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தார். விடியப்புறம் வெங்காயத்தோடு அதைக் குடித்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.