உப்பு ஐஸில் போன இரத்தம்

முதலில் வந்தது தாகம். கனவில் மேட்டூர் அணையின் மதகுகள் எல்லாம் திறந்திருக்கும். நான் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். ஒரு சொட்டும் தொண்டையில் இறங்காது. விழித்தால் கையில் காலிச் செம்பு.

சேலத்தில் லாரி புக்கிங் ஆபீசில் எனக்கு வேலை. ஊர் மூட்டையெல்லாம் எடை போட்டவன், என் எடை குறைவதைக் கவனிக்கவில்லை. வேட்டி தானாக அவிழத் தொடங்கியபோதுதான் டாக்டரிடம் போனேன். நீரிழிவு என்றார். இன்சுலின் ஊசி (உடம்பு சர்க்கரையைச் செலவழிக்க உதவும் சுரப்பு, எனக்குக் கிடைத்தது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது) போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் சுகமாகப் போயிற்று.

பிறகு மருந்து கேட்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார், சர்க்கரையும் கூடியது. உடம்புக்குள் பஞ்சு அடைத்தது போல ஒரு மிதப்பு. நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். தெருதான் என்னைக் கடந்து போகும்.

"திருட்டுத்தனமா இனிப்பு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

"தினமும் உங்க திட்டுத்தாங்க சாப்பிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி லூர்துவும் சிரிக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் சத்தியம் செய்தால் அதையும் வேடிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். லூர்து வீட்டு வெல்லத்தை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். என் சட்டைப் பையை முகர்ந்தாள்.

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. நானும் புள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கோணுமா?"

"நான் தின்னலை லூர்து."

"தின்னாமயே சக்கரை ஏறுமா? உங்களுக்குள்ள என்ன ஆலையா ஓடுது?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கனவில் வெல்ல மண்டிக்குள் நடப்பேன். விழித்ததும் என் விரலை நானே முகர்ந்து பார்ப்பேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மயங்கி விழுந்த அன்று டாக்டரின் குரல் மாறியது. "இப்படியே போனா ஒருநாள் நெனவு திரும்பாது. ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்க. இல்ல, உங்க ரத்தம் மருந்தை மறிக்குது." சிலர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (வெளியிலிருந்து வந்ததைப் பிடிக்க உடம்பே வைத்துக்கொள்ளும் காவல்) உண்டாகி இன்சுலினைக் கட்டிப் போட்டுவிடுமாம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை சென்னையில் ஓர் ஆய்வகத்தில் புதிதாக வந்திருந்தது. இரத்தம் குளிர்ச்சி குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

ஐஸ் என்றால் எங்களுக்குச் சூசைதான். லூர்துவின் தம்பி, மேட்டூர் அணை மீனைப் பெட்டியில் அடுக்கி ரயிலேற்றுகிறவன். எங்கள் வெள்ளிக்கிழமைக் குழம்பும் அவன் பெட்டியிலிருந்துதான் வரும்.

"மாமா, என்னோட கெண்டையே கெடாம மெட்ராஸ் போவுது. உங்க ரத்தம் போவாதா?" என்று தானே எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஐஸ் இன்னும் குளிரட்டுமென்று மீனுக்கு உப்புத் தூவுவது அவன் வழக்கம். மாமா மேலுள்ள பாசத்தில் இன்னும் அள்ளிப் போட்டான். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும். இரத்தம் கல்லாக உறைந்து, உருகும்போது அணுக்கள் உடைந்து சிவப்புத் தண்ணீராகிவிட்டது. இது ஆகாது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"என்னைக் கருவாடாக்கிட்டியே மாப்ளே" என்றேன். அவன் அழுதுவிட்டான்.

மறுமுறை டாக்டர் இரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நின்ற மஞ்சள் நீரை மட்டும் கொடுத்தார். சூசை உப்பில்லாத ஐஸில் வைத்து, குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு போனான்.

அங்கே, கதிர்வீசும் அயோடின் ஏற்றிய இன்சுலினை (எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்) அந்த நீரில் கலந்து, காகிதப் பட்டையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவார்களாம். தனியாக இருக்கும் இன்சுலின் தொடங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். காவலிடம் சிக்கியது காவலோடு நகரும். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், படுத்தபடியே நான் அந்தக் காகிதத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளை வெளேரென்று, கரையே தெரியாமல் கிடந்தது.

நகர்ந்திருந்தது என்று பதில் வந்தது.

"இவர் பேரில் தப்பில்லைம்மா" என்றார் டாக்டர். லூர்து தாழ்வாரத்துக்கு வந்து என் சட்டைப் பையை நீவிவிட்டாள். பிறகு, "நம்பாமப் போயிட்டனுங்க" என்றாள்.

"நானே நம்பலியே" என்றேன்.

உங்கள் வீட்டிலும் மருந்து கேட்காமல் யாராவது கிடந்தால், சட்டைப் பையை முகர்வதற்கு முன் அவர் இரத்தத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினை வரவழைத்தார்கள். என் காவலர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. மருந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாலை திடீரென்று வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுவர்கள் தள்ளிப் போயின. தாழ்சர்க்கரை (மருந்து மிஞ்சிச் சர்க்கரை இறங்கிவிடுவது). லூர்து அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, அரிசி ஒட்டிய வெல்லத்தை என் வாயில் திணித்தாள். "தின்னுங்க சாமி, தின்னுங்க."

சர்க்கரை எப்போது இறங்கும் என்று இப்போது நான் கடிகாரம் பார்ப்பதில்லை. ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே உடம்பு ஒரு காகிதத்தில் மெல்ல நகர்வது எனக்கே தெரிகிறது. நகர்ச்சி தடுமாறினால் கையை நீட்டுவேன். லூர்துவின் முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் முடிந்திருக்கும். முதலில் முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பாள். நான் மென்று விழுங்கிய பிறகுதான் கேட்பாள்:

"நெசமாவா, வெளையாட்டா?"